அமெரிக்க மாநிலங்கள் ஏன் கட்சி மாறுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவப்பு மாநிலம், நீல மாநிலம் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

சிவப்பு என்றால் குடியரசுக் கட்சி, அதாவது ரீகன், புஷ், டிரம்ப் கட்சி. நீலம் என்றால் ஜனநாயகக் கட்சி, கிளின்டன், ஒபாமா, பைடன் கட்சி. காலங்காலமாக இருக்கும் நிறம் மாதிரி தோன்றும், ஆனால் 2000 தேர்தலுக்கு முன்னால் டிவி சேனல்கள் ஆளுக்கொரு நிறம் வைத்திருந்தன, ஜனநாயகக் கட்சிக்குச் சிவப்பு அடித்தவர்களும் உண்டு. 2000-ல் ஃபுளோரிடா முடிவு தெரியாமல் வாரக்கணக்கில் இழுத்தபோது ஊரே தினமும் ஒரே வரைபடத்தைப் பார்த்ததில் இந்த நிறங்கள் நிலைத்துவிட்டன.

அப்புறம் இதையும் மனதில் வையுங்கள். மாநிலங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கும் எலெக்டோரல் ஓட்டுகளை வைத்துத்தான் அதிபர் முடிவாகிறார், மொத்தம் 538, ஜெயிக்க 270 வேண்டும். 48 மாநிலங்களில் ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் எலெக்டோரல் ஓட்டு மொத்தமும் போய்விடும் (மெய்ன், நெப்ராஸ்கா இரண்டும் மட்டும் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கும்). ஆகவே 49 சதவீதம் 51 ஆனாலே வரைபடத்தில் முழு மாநிலமும் நிறம் மாறிவிடும். பார்க்கிறவர்கள் அங்கே புரட்சியே நடந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

நிஜமாகவே தலைகீழாக மாறிய மாநிலம் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் அக்கம்பக்கத்தில் இரண்டு. வர்ஜீனியாவும் மேற்கு வர்ஜீனியாவும் ஒரு காலத்தில் ஒரே மாநிலம். உள்நாட்டுப் போரின்போது 1863-ல் மேற்குப் பகுதி பிரிந்து வடக்கோடு நின்றது. 1996 அதிபர் தேர்தலில் மேற்கு வர்ஜீனியா சுமார் 15 சதவீத வித்தியாசத்தில் கிளின்டனைத் தேர்ந்தெடுத்தது, வர்ஜீனியா குடியரசுக் கட்சியின் பாப் டோலைத் தேர்ந்தெடுத்தது. 2008-ல் பார்த்தால் வர்ஜீனியா ஒபாமா பக்கம், மேற்கு வர்ஜீனியா குடியரசுக் கட்சியின் மெக்கெய்ன் பக்கம். 2024-ல் வர்ஜீனியா கமலா ஹாரிஸுக்குப் போட்டது, மேற்கு வர்ஜீனியாவில் டிரம்ப் ஏறக்குறைய 42 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும், ஏனென்றால் இரண்டும் மாறிய காரணம் ஒன்றல்ல. ஒன்றில் ஆட்கள் மாறினார்கள். இன்னொன்றில் ஆட்கள் அப்படியே இருந்தார்கள், ஓட்டு மாறியது.

மேற்கு வர்ஜீனியாவில் என்னதான் நடந்தது?

அது சுரங்கத் தொழிலாளர்களின் மாநிலம். 1921-ல் பிளேர் மலையில் ஆயிரக்கணக்கான நிலக்கரித் தொழிலாளர்கள் துப்பாக்கி எடுத்து நிறுவனங்களின் ஆட்களோடு மோதிய இடம். ரூஸ்வெல்ட் காலத்தில் தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்ததிலிருந்து அங்கே ஜனநாயகக் கட்சி என்பது குடும்ப வழக்கம். 1980-ல் ரீகன் அலையில் கார்ட்டர் மொத்தமே ஆறு மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும்தான் ஜெயித்தார், அந்த ஆறில் இதுவும் ஒன்று. ராபர்ட் பேர்ட் 1959 முதல் 2010-ல் சாகும்வரை அங்கிருந்து செனட்டர்.

2000-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோர் இதைத் தோற்றார். பலருக்கு ஞாபகம் இருப்பது அவர் ஃபுளோரிடாவைத் தோற்ற 537 ஓட்டு வித்தியாசம்தான். ஆனால் மேற்கு வர்ஜீனியாவின் 5 எலெக்டோரல் ஓட்டு கையில் இருந்திருந்தால் கோருக்கு ஃபுளோரிடாவே தேவைப்பட்டிருக்காது. சுற்றுச்சூழல் பேசும் கோர் வந்தால் நிலக்கரி போய்விடும் என்ற பயம், துப்பாக்கிக் கட்டுப்பாடு, கருக்கலைப்பு எல்லாம் சேர்ந்து வேலை செய்தன. அதற்குப் பிறகு சரிவு நிற்கவே இல்லை. 2012-ல் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், பதவியில் இருந்த ஒபாமாவுக்கு எதிராக டெக்சாஸ் சிறையில் இருந்த ஒரு கைதி நின்று 41 சதவீதம் வாங்கினார். சிறைக்கைதிக்கு, சொந்தக் கட்சிக்காரர்களின் ஓட்டு! இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

நிலக்கரி வேலை போனதுதான் காரணமா?

பாதிதான் சரி. 1950 வாக்கில் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சுரங்கத்தில் இருந்தார்கள், இப்போது இருபதாயிரத்தைக்கூட எட்டாது. ஆனால் அந்த வேலைகளில் பெரும்பகுதியைத் தின்றது இயந்திரம், அதுவும் 1950, 60-களிலேயே. அப்போது மக்கள் கட்சி மாறவில்லையே! பிறகு வயோமிங்கின் மலிவான நிலக்கரி வந்தது, இயற்கை எரிவாயு வந்தது. சுற்றுச்சூழல் விதிகள் வரிசையில் கடைசியாக வந்து பழியை மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டன. 2016-ல் ஹிலாரி கிளின்டன், நிறைய நிலக்கரித் தொழிலாளர்களுக்கும் நிறுவனங்களுக்கும் இனி தொழில் இருக்காது என்ற அர்த்தத்தில் பேசியது (அவர் சொல்லவந்தது மாற்று வேலை தருவதைப் பற்றி, ஆனால் யார் முழுசாகக் கேட்டார்கள்?) அந்தப் பழியை உறுதிப்படுத்தியது.

என்னைக் கேட்டால் வேலை போனதைவிடச் சங்கம் போனதுதான் பெரிய விஷயம். சங்கம் சம்பளம் மட்டும் பேசவில்லை; யார் நம்ம ஆள், யாருக்கு ஓட்டு, ஏன் என்று சொல்லிக்கொடுத்ததும் அதுதான். உறுப்பினர்கள் ஓய்வுபெற்றார்கள், சங்கமும் தேய்ந்தது. அந்த இடத்தில் தேவாலயமும் கேபிள் டிவியும் துப்பாக்கிச் சங்கமும் வந்து உட்கார்ந்தன. அப்பா எதற்காக ஜனநாயகக் கட்சிக்குப் போட்டார் என்பது மகனுக்குத் தெரியும். பேரனுக்குத் தெரியாது.

இன்னொன்று, 1950-ல் இருந்ததைவிட 2020-ல் மக்கள்தொகை குறைந்த ஒரே மாநிலம் இதுதான்: 20 லட்சமாக இருந்தது 18 லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. படித்த இளைஞர்கள் வெளியேறினார்கள், வெளியிலிருந்து யாரும் பெரிதாக வரவில்லை. ஆகவே யாரோ வந்து குடியேறி மாற்றிவிட்டார்கள் என்ற கதை இங்கே செல்லாது.

அப்போ வர்ஜீனியா?

அது நேரெதிர். 1968 முதல் 2004 வரை பத்து அதிபர் தேர்தலிலும் குடியரசுக் கட்சிக்கே போட்ட மாநிலம். 1976-ல் தெற்கு முழுக்கக் கார்ட்டர் பின்னால் போனபோதுகூட இது மட்டும் போகவில்லை. மாற்றியது வாஷிங்டனை ஒட்டிய வடக்குப் பகுதி. அரசு வேலை, பாதுகாப்புத்துறை ஒப்பந்த நிறுவனங்கள், பிறகு டேட்டா சென்டர்கள் என்று வேலை குவிந்தது. லவுடன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி) 1990-ல் 86 ஆயிரம் பேர், 2020-ல் 4 லட்சத்து 20 ஆயிரம் பேர். வந்தவர்களில் பட்டதாரிகள் அதிகம், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம். ஆஷ்பர்ன் பக்கம் போனால் நம்ம தமிழ்க் குடும்பங்களையே நிறையப் பார்க்கலாம். ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி 2004-ல் ஜான் கெரிக்குப் போட்டது, 1964-க்குப் பிறகு அங்கே ஜெயித்த முதல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அவர். அந்த வருடம் மாநிலம் புஷ்ஷிடம்தான் போனது. நான்கு வருடம் கழித்து மாநிலமும் மாறியது.

தென்மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி மலைப்பகுதி மட்டும் இதே காலத்தில் மேற்கு வர்ஜீனியா போனது போலவே குடியரசுக் கட்சிக்குப் போனது. ஒரே மாநிலத்துக்குள் இரண்டு திசை. வடக்கில் தலைகள் அதிகம், அதனால் கூட்டினால் நீலம்.

மக்கள் மாறினார்களா, கட்சி மாறியதா?

நல்ல கேள்வி, எல்லோரும் முதலில் மக்களைத்தான் பார்க்கிறார்கள். வெர்மாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1856 முதல் 1960 வரை ஒரு தேர்தல் விடாமல் குடியரசுக் கட்சி. 1936-ல் ரூஸ்வெல்ட் நாட்டையே அள்ளியபோது அவருக்கு எதிராக நின்ற இரண்டு மாநிலங்களில் ஒன்று, மற்றது மெய்ன். இன்று இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸின் மாநிலம். 1992-லிருந்து அதிபர் தேர்தலில் ஒருமுறைகூடக் குடியரசுக் கட்சி ஜெயிக்கவில்லை.

1960, 70-களில் நியூயார்க், பாஸ்டன் பக்கமிருந்து படித்த இளைஞர்கள் வந்து குடியேறியது உண்மை. ஆனால் அது மட்டும் போதாது. லிங்கன் காலத்துக் குடியரசுக் கட்சி அடிமை முறையை எதிர்த்த வடக்கத்திய கட்சி, வெர்மாண்ட்காரர்கள் சேர்ந்தது அதில். தெற்கின் வெள்ளையர்களையும் இவாஞ்சலிகல் கிறிஸ்தவர்களையும் நோக்கி அந்தக் கட்சி நகர நகர, நியூ இங்கிலாந்தின் (வெர்மாண்ட் இருக்கும் வடகிழக்குப் பகுதி) மிதவாதிகளுக்கு அது வேறு வீடாகிவிட்டது. பலர் தாங்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள், கட்சிதான் நகர்ந்தது.

தெற்கு 1964-ல் ஒரே ராத்திரியில் மாறிவிட்டதாகச் சொல்கிறார்களே?

பாதி கதை. உள்நாட்டுப் போர் முடிந்து நூறு வருடம் தெற்கு ஜனநாயகக் கட்சியின் கோட்டை, அதுவும் நிறவெறியைக் காத்த ஜனநாயகக் கட்சி. விரிசல் 1948-லேயே தெரிந்தது: அதிபர் ட்ரூமன் சிவில் உரிமை பேசியதும் அவர் கட்சியின் தெற்கத்தியரான ஸ்ட்ரோம் தர்மண்ட் தனியாக நின்று நான்கு மாநிலங்களை எடுத்தார். 1964-ல் அதிபர் ஜான்சன் சிவில் உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தார், அதை எதிர்த்த குடியரசுக் கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டர் அந்த வருடத் தேர்தலில் மிசிசிப்பியில் 87 சதவீதம் வாங்கினார். 87! தர்மண்டும் அந்த வருடமே கட்சி மாறினார்.

ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. 1976-ல் கார்ட்டர் வர்ஜீனியா தவிர தெற்கு முழுவதையும் ஜெயித்தார். போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் முடிந்தபின் ஜார்ஜியாவுக்கு முதல் குடியரசுக் கட்சி கவர்னர் கிடைத்தது 2002 தேர்தலில். அலபாமா சட்டமன்றம் 2010 வரை ஜனநாயகக் கட்சியிடம். மேலே அதிபர் தேர்தலில் முதலில் மாறும், பிறகு செனட், பிறகு கவர்னர், உள்ளூர்ப் பதவி கடைசி. ஷெரிஃப் யார், கவுண்டி கிளார்க் யார் என்பதில் ஜனங்கள் தெரிந்த முகத்துக்குத்தான் போடுவார்கள், அந்த முகங்கள் ஓய்வுபெறும்வரை பழைய கட்சிப் பெயர் ஓடும். ஆள் போனதும் அந்த இடம் புதுக்கட்சிக்கு. மேற்கு வர்ஜீனியாவிலும் இதே வரிசைதான். அதிபர் ஓட்டு 2000-ல் போனது, எண்பது வருடத்துக்கு மேல் ஜனநாயகக் கட்சியிடம் இருந்த சட்டமன்றம் 2014-ல் போனது. ஜிம் ஜஸ்டிஸ் 2016-ல் ஜனநாயகக் கட்சிக்காரராகக் கவர்னர் பதவிக்கு ஜெயித்து அடுத்த வருடமே கட்சி மாறினார். கடைசியாக மிஞ்சிய செனட்டர் ஜோ மான்சின் (2010 விளம்பரத்தில் சொந்தக் கட்சியின் கார்பன் மசோதாவைத் துப்பாக்கியால் சுட்டுக் காட்டியவர்!) 2024-ல் கட்சியை விட்டே விலகினார்.

இதில் இன்னொரு பக்கம் அடிக்கடி விடுபடுகிறது. 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கு முன்னால் மிசிசிப்பியில் கறுப்பினத்தவரில் 7 சதவீதம்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை, 1967-ல் கிட்டத்தட்ட 60 சதவீதம். யாருடைய மனமும் மாறாமலே யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்பது மாறினால் மாநிலத்தின் அரசியல் மாறும்.

படிப்புக்கும் கட்சிக்கும் என்ன சம்பந்தம்?

முன்பு பட்டதாரிகள் பொதுவாகக் குடியரசுக் கட்சி, ஆலைத் தொழிலாளிகள் ஜனநாயகக் கட்சி. இப்போது, குறிப்பாக வெள்ளையர்களிடம், அது திரும்பிவிட்டது. மேற்கு வர்ஜீனியாவில் பட்டதாரிகளின் விகிதம் நாட்டிலேயே குறைவு, வர்ஜீனியா முன்வரிசையில். கொலராடோ நீலமானதும், 1964 முதல் 2016 வரை ஜெயித்தவருக்கே போட்டுவந்த ஓஹையோ 2020-ல் தோற்ற டிரம்ப்புக்குப் போட்டதும் பெரும்பாலும் இந்தக் கோட்டில்தான் வரும்.

ஓஹையோவில் யங்ஸ்டவுன் இருக்கும் மஹோனிங் கவுண்டியைப் பாருங்கள். அங்கே பெரிய எஃகு ஆலை மூடப்படுவதாக அறிவித்தது 1977 செப்டம்பர் 19, அந்த ஊரில் அதைக் கறுப்புத் திங்கள் என்பார்கள். அந்தக் கவுண்டி குடியரசுக் கட்சிக்குப் போனது 2020-ல், 1972-க்குப் பிறகு முதல்முறை. நடுவில் 43 வருடம். வேலை போனது, ஓட்டு மாறியது என்று ஒரே வரியில் எழுதுபவர்கள் இந்த 43 வருடத்தை எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

குடியேறிகள் பெருகினால் மாநிலம் நீலமாகிவிடும் என்பது உண்மையா?

இருபது வருடமாக இரண்டு கட்சிக்காரர்களும் இதை நம்பினார்கள், ஒருவர் ஆசையோடு, ஒருவர் பயத்தோடு. ஆதாரமாகக் காட்டுவது கலிஃபோர்னியா. 1952 முதல் 1988 வரை 1964 தவிர எல்லாம் குடியரசுக் கட்சி, நிக்சனும் ரீகனும் அங்கிருந்து வந்தவர்கள். 1994-ல் சட்டவிரோதக் குடியேறிகளுக்குப் பள்ளி, மருத்துவம் மறுக்கும் 187-ஆவது முன்மொழிவு வாக்கெடுப்பில் ஜெயித்தது, அதில் கோபப்பட்ட ஹிஸ்பானிக் மக்கள் மாநிலத்தையே மாற்றிவிட்டார்கள் என்பது கதை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கிளின்டன் அதை 13 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தது 1992-ல், முன்மொழிவுக்கு இரண்டு வருடம் முன்னாலேயே. பனிப்போர் முடிந்து பாதுகாப்பு ஆலைகள் மூடியதும், அந்த வேலையாட்கள் வெளியேறியதும் இதில் சேரும். 187 கதவைப் பூட்டியது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மறுபக்கம் ஃபுளோரிடா. மயாமி-டேட் கவுண்டியில் 2016-ல் ஹிலாரி கிட்டத்தட்ட 29 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார், 2024-ல் டிரம்ப் ஜெயித்தார், 1988-க்குப் பிறகு அங்கே ஜெயித்த முதல் குடியரசுக் கட்சிக்காரர். கியூபா, வெனிசுவேலாவிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு சோஷலிசம் என்ற வார்த்தையே ஆகாது. டெக்சாஸில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஸ்டார் கவுண்டியில் ஏறக்குறைய எல்லோருமே ஹிஸ்பானிக், 2024-ல் அது டிரம்ப்புக்குப் போட்டது. அதற்கு முன் அங்கே குடியரசுக் கட்சி ஜெயித்தது 1892-ல்!

தொகுதி எல்லைகளை வளைத்து வரைவதால்தான் மாறுகிறதா?

இல்லை. அது கீழவை, சட்டமன்றத் தொகுதிகளை மாற்றும். அதிபர் (மெய்ன், நெப்ராஸ்கா தவிர), செனட், கவர்னர் தேர்தலில் மாநிலம் முழுக்க ஒரே எண்ணிக்கை, மாநில எல்லையை யாராலும் வளைக்க முடியாது.

ஒரு தேர்தலில் நிறம் மாறினால் மாநிலம் மாறிவிட்டது என்று சொல்லலாமா?

அவசரப்படாதீர்கள். நாடு முழுவதும் எவ்வளவு வித்தியாசம், அந்த மாநிலத்தில் எவ்வளவு வித்தியாசம், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2008-ல் ஒபாமா இண்டியானாவை ஜெயித்தார், எல்லோரும் வாய் பிளந்தார்கள். நாட்டளவில் 7 சதவீத வித்தியாசம், இண்டியானாவில் 1. அதாவது அது அப்போதும் நாட்டைவிட 6 அளவு குடியரசுக் கட்சிப் பக்கம்தான் இருந்தது. அடுத்த தேர்தலில் பழையபடி ஆகிவிட்டது.

ஜார்ஜியா இன்னும் சுவாரசியம். 2012-ல் ஒபாமா நாட்டளவில் 4 சதவீதம் முன்னால், ஜார்ஜியாவில் 8 சதவீதம் பின்னால், ஆக இடைவெளி 12. 2020-ல் பைடன் நாட்டளவில் 4.5 முன்னால், ஜார்ஜியாவில் 11,779 ஓட்டில் நூலிழை வெற்றி, இடைவெளி 4-க்குச் சற்று மேல். 2024-ல் டிரம்ப் நாட்டளவில் 1.5, ஜார்ஜியாவில் 2.2, இடைவெளி 1-க்கும் குறைவு. டிவி வரைபடத்தில் ஜார்ஜியா நீலத்திலிருந்து சிவப்புக்குத் திரும்பியது. கணக்கில் பார்த்தால் அதே தேர்தலில் அது நாட்டோடு ஒப்பிடும்போது ஜனநாயகக் கட்சிப் பக்கம் இன்னும் நகர்ந்திருக்கிறது. அட்லாண்டாவைச் சுற்றியுள்ள காப், குவின்னெட் கவுண்டிகள் 2016-லேயே மாறிவிட்டன, மற்றதெல்லாம் அதன் தொடர்ச்சி.

ஃபுளோரிடாவுக்கு இதே கணக்கைப் போட்டால் 2012-ல் நாட்டைவிட 3 குடியரசுக் கட்சிப் பக்கம், 2024-ல் 11-க்கும் மேல். அது நிஜமான மாற்றம்.

நீல மாநிலத்தில் குடியரசுக் கட்சி கவர்னர் எப்படி?

வெர்மாண்டில் பில் ஸ்காட் 2017 முதல் இருக்கிறார், சிவப்பு கென்டக்கியில் ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷியர் இரண்டுமுறை ஜெயித்தார். கவர்னர் சாலை போடுபவர், வெள்ளம் வந்தால் வந்து நிற்பவர், அவரிடம் வாஷிங்டன் சண்டையை யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. செனட் அப்படியில்லை: 2016-ல் செனட் தேர்தல் நடந்த எல்லா மாநிலங்களிலும் அதிபர் ஓட்டுப் போன கட்சிக்கே செனட்டும் போனது. 2024-ல் அரிசோனா, நெவாடா, மிச்சிகன், விஸ்கான்சின் நான்கும் டிரம்ப்பையும் ஜனநாயகக் கட்சி செனட்டரையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தன, ஆகவே ஓட்டைப் பிரித்துப் போடும் பழக்கம் முழுசாகச் செத்துவிடவில்லை.

சரி, அடுத்து எது மாறும்? டெக்சாஸா?

டெக்சாஸ் இதோ நீலமாகிறது என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் எழுதுகிறார்கள். 1976-ல் கார்ட்டருக்குப் பிறகு அங்கே எந்த ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளரும் ஜெயிக்கவில்லை. டிரம்ப்பின் வித்தியாசம் 2016-ல் 9, 2020-ல் 5.6, அப்போது ஆரவாரம் உச்சம், 2024-ல் 13.7. டாலஸ், ஆஸ்டின் புறநகர்கள் வர்ஜீனியா போன வழியில் போகின்றன, எல்லையோர ஹிஸ்பானிக் கவுண்டிகள் எதிர்த்திசையில் போகின்றன, ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கிறது. எது ஜெயிக்கும் என்று இப்போதே சொல்பவர்களிடம் 2028-ல் ஸ்டார் கவுண்டி யாருக்குப் போடும் என்று கேளுங்கள்.